பந்தாடக் கற்பித்த பக் துரை

விருதுநகர், சிவகாசி பக்கம் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுகிறார்கள். துள்ளி எழுந்து பந்தை வளையத்துக்குள் போடுகிறார்கள். சொல்லிக் கொடுப்பவர் பி.டி. வாத்தியார்.

அந்த வாத்தியார் வேலைக்கென்று நம் நாட்டில் ஒரு படிப்பை ஏற்படுத்தியவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ஹாரி குரோ பக்.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்று ஓர் ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. 1891-ம் ஆண்டு கடுங்குளிர் காலம். மாணவர்கள் வெளியே ஆட முடியவில்லை. ஆசிரியர் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டினார். அவற்றில் பந்தைப் போடச் சொன்னார். அதுவே கூடைப்பந்து!

பிற்காலத்தில் அங்கே படித்தவர்தான் பக்.

டிரில் மாஸ்டர் காலம்

1919-ல் பக் சென்னைக்கு வந்தார். அப்போது பல பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களே இருந்தார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நடக்க வைப்பார்கள். விளையாட்டுக்கு இடமே இல்லை.

இதை மாற்றத் துணிந்தார் பக். 1920-ல் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். அதுவே வளர்ந்து, நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆயிற்று. அங்கே பயின்றவர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். கூடைப்பந்தும் கைப்பந்தும் அவர்களோடு சென்றன.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்தியக் குழுவை அழைத்துச் சென்றவரும் பக்தான்.

1943-ல் அவர் காலமானார். கடைசி வரை ஆசிரியர்களை உருவாக்குவதிலேயே கண்ணாயிருந்தார்.

படிப்பைப் போல விளையாட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. அதற்கும் பயின்ற ஆசிரியர் வேண்டும். இதைச் செய்து காட்டிய பெருமை பக் துரையைச் சேரும்.