இசையை அளந்த பண்டிதர்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

மலைக்கோட்டையின் நிழலில் பயிலும் தோழியரே! நூறாண்டுகளுக்கும் மேலாக முன்பு, இதே திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற வந்த ஓர் ஏழை இளைஞர் பிடில் கற்றார். பின்னாளில் அவரே தமிழிசை ஆராய்ச்சிக்கு முன்னோடியானார். அவர்தாம் ஆபிரகாம் பண்டிதர்.

தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த அவர், நம் ஊரில் பயின்று, இங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். சடையாண்டிப் பத்தர் அவருக்குப் பிடில் கற்பித்தார். சுருளிமலையில் கருணானந்த முனிவரிடம் மூலிகை மருத்துவம் கற்றார். தஞ்சையில் குடியேறி ஆசிரியப் பணி செய்தார். பின் அதை விடுத்து மருத்துவத்தில் முழுமையாக இறங்கினார். மருந்து புகழ் பெற்றது, செல்வம் சேர்ந்தது. அச்செல்வம் எங்கே போயிற்று? பெரும்பகுதி இசைக்கே போயிற்று!

அவர் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் நான். என் அப்பத்தா பாடும் நடவுப் பாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். நாற்பது பாட்டு சேர்ந்தது. அதற்கு மேல் என்ன செய்வதென்று விளங்கவில்லை. இசையறியாத வீட்டுப் பெண்ணுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று நோட்டை மூடி வைத்தேன். அதை மீண்டும் திறக்க வைத்தவர் பண்டிதர்.

முதலில் அவர் ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டார். ஒரு தாயியில் சுருதிகள் எத்தனை? சாரங்கதேவர் வழி வந்தோர் 22 என்றனர். அது சரியா என்பதே கேள்வி.

இரண்டாவதாக, மூல நூலை நாடினார். சிலப்பதிகாரத்தையும் அதன் பழைய உரைகளையும் துருவி ஆராய்ந்தார். பன்னிரண்டு இராசி வீடுகளில் சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலை முறை அங்கே இருந்தது.

மூன்றாவதாக, கணக்கிட்டார். இயற்பியல் மாணவியாகிய எனக்கு இதுவே பெருவியப்பு. ச-விலிருந்து ப, அந்தப் ப-வையே ச-வாக வைத்து அதற்கொரு ப என 3/2 விகிதத்தில் பன்னிரண்டு முறை ஏறினால் சுமார் 129.75 மடங்கு வரும். ஏழு தாயி ஏறினாலோ 128 மடங்கு. வட்டம் சற்றே மூடாமல் நிற்கிறது. பண்டிதர் தாயியைச் சம விகிதத்தில் 12 சுரமாகவும் 24 அலகாகவும் பகுத்து வட்டத்தை மூடினார்.

நான்காவதாக, தம் முடிவை அறிஞர் அவையில் வைத்தார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தஞ்சையில் சொந்தச் செலவில் மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குச் சென்று, தம் புதல்வியரை வீணையில் இசைத்துக் காட்டச் செய்தார். மறுத்தோரும் இருந்தனர், அவர் அஞ்சவில்லை.

இறுதியாக, எழுதி முடித்தார். அச்சகமும் தாமே அமைத்து, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' முதற்புத்தகத்தை 1917-இல் வெளியிட்டார். இரண்டே ஆண்டில், 1919-இல் மறைந்தார். இரண்டாம் புத்தகம் 1946-இல்தான் வெளிவந்தது. சிறிது காலம் தாழ்த்தியிருந்தால் முதற்புத்தகத்தையும் அவர் கண்ணால் கண்டிருக்க மாட்டார் அன்றோ!

அவரது 24 அலகு முடிவை இன்று எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. ஆயினும் பழந்தமிழ் நூல்களை இசைக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம் என்று காட்டிய பெருமை அவருக்கு உண்டு. முடிவு மறுக்கப்படலாம், முறையாகச் செய்த உழைப்பு வீணாவதில்லை.

இப்போது என் நோட்டின் முதற்பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: அப்பத்தாவின் நடவுப் பாட்டில் வரும் சுரங்கள் எத்தனை, எவை? நாற்பதை ஐந்தாகக் குறைத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் மும்முறை பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிகிறேன்; ஆய்வகச் சுரமானியில் ஒப்பிட்டுப் பார்க்கப் பேராசிரியரிடம் இசைவு பெற்றுள்ளேன். அப்பத்தாவுக்கு எண்பது வயது, மூச்சு வாங்குகிறது. ஆதலால் இவ்வாண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டு இருக்கும். ஒரு கேள்வியோடு அதன் அருகே அமருங்கள், தொடங்கியதை முடியுங்கள். நம் ஊரில் பயின்ற பண்டிதருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே!