தெருக்களை இணைத்த பொறியாளர் செர்தா

‘நகரம் கண்ட மனிதர்கள்’ பகுதியில் இம்முறை நீங்கள் சந்திக்கப்போவது இல்தெஃபொன்ஸ் செர்தாவை. நகரமயமாக்கல் என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு ஈடான ஸ்பானியச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான்.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் 1815-ல் பிறந்தார். மாட்ரிட்டில் சிவில் இன்ஜினியரிங் படித்து, அரசுப் பணியில் சேர்ந்தார். குடும்பச் சொத்து கைக்கு வந்ததும், 1849-ல் வேலையை விட்டுவிட்டு நகரங்களை ஆராயத் தொடங்கினார்.

அன்றைய பார்சிலோனா கோட்டை மதிலுக்குள் அடைபட்டிருந்தது. வெளியே வீடு கட்ட ராணுவம் அனுமதிக்கவில்லை. குறுகிய சந்துகள், காற்று வராத வீடுகள். 1854-ல் காலராவும் பரவியது. அதே ஆண்டு மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். செர்தா தொழிலாளர்களின் வருமானம், வாடகை, வீட்டு நிலை எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். சுற்றியிருந்த நிலத்தையும் அளந்து வரைபடமாக்கினார்.

அவருடைய திட்டம் எளிமையானது. சுமார் 113 மீட்டருக்கு ஒரு சதுர மனைத்தொகுதி. இடையே 20 மீட்டர் அகலத் தெரு. ஒரு தெருவும் முட்டுச்சந்தாக முடியாது. வண்டிகள் திரும்ப வசதியாக ஒவ்வொரு மூலையும் சாய்வாக வெட்டப்பட்டது. பழைய நகரமும் கிராசியா போன்ற வெளியூர்களும் ஒரே தெருவலையில் இணைந்தன. பணக்காரர் பகுதி, ஏழைகள் பகுதி என்ற பிரிவினையே வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

மாநகராட்சி நடத்திய போட்டியில் வேறொருவர் திட்டம் வென்றது. ஆனால் மத்திய அரசு செர்தாவின் திட்டத்தையே ஏற்றது. உள்ளூரில் பலருக்கு அந்தக் கோபம் தணியவே இல்லை. 1867-ல் தம் கொள்கையை நூலாக எழுதினார். சொத்தெல்லாம் ஆய்வில் கரைய, 1876-ல் வறுமையில் இறந்தார்.

அவர் நினைத்ததெல்லாம் நடக்கவில்லை. மனையின் இரண்டு பக்கம் மட்டும் கட்டிடம், நடுவில் தோட்டம் என்று வரைந்திருந்தார். நில உரிமையாளர்கள் நான்கு பக்கமும் கட்டி, நடுவையும் பெரும்பாலும் நிரப்பிவிட்டார்கள். ஆனால் தெருக்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. குதிரை வண்டிக்காலத்தில் போட்ட அதே தெருக்களில்தான் இன்றும் பஸ்ஸும் சைக்கிளும் ஓடுகின்றன.

இதில் நமக்கும் பாடம் உண்டு. கட்டிடத்தை இடித்துக் கட்டலாம். தெருவை மாற்றுவது கடினம். ஊர் விரியும்போது ஒவ்வொரு லேஅவுட்டும் தனக்கென ஒரே கேட், சுற்றிலும் சுவர் என்று அமைந்தால், அடுத்த தெருக் கடைக்கும் வண்டி எடுக்க வேண்டியதாகிறது. எல்லா வண்டியும் ஒரே மெயின் ரோட்டில் போய் நிற்கிறது. ஆம்புலன்ஸுக்கும் மாற்று வழி இல்லை. பாதுகாப்புக்குச் சுவர் தேவைதான். ஆனாலும் பக்கத்துத் தெருவோடு இணையும் ஒரு நடைவழியைப் பற்றி யோசனை வந்தால், உடனே மறுக்காமல் செர்தாவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.