திருமலை மன்னரும் என் வீட்டுத் தெலுங்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவி)

திண்டுக்கல்லில் நாம் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் மலைக்கோட்டையை 1605-இல் கட்டத் தொடங்கியவர் மதுரை மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். அதனை வலுப்படுத்தியவர் அவர் மைந்தர் திருமலை நாயக்கர். வீட்டில் தெலுங்கு பேசும் என்னிடம், நீ தமிழச்சிதானா என்று தோழி ஒருத்தி முன்பு கேட்டாள். விடை சொல்லத் தெரியாமல் நின்றேன். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழ்நாட்டை ஆண்ட இம்மன்னரின் வரலாற்றை நான் தேடிப் படித்தது அதன் பின்னர்தான்.

விசயநகரப் பேரரசின் ஆளுநராக மதுரைக்கு வந்த விசுவநாத நாயக்கரின் மரபில் தோன்றியவர் திருமலை. 1623-இல் அண்ணன் மறைந்தபின் அரியணை ஏறித் தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாற்றினார். மாசியில் நடந்த மீனாட்சியம்மன் தேர்விழாவைச் சித்திரைக்குக் கொணர்ந்து, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவர் அவரே என்பர். புதுமண்டபமும், வண்டியூர்த் தெப்பக்குளமும், 1636-இல் எழுந்த மகாலும் அவர் புகழ் பேசுகின்றன. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியதும் அவர் முன்னிலையில்தான்.

அதே காலத்தில் சீனத்திலும் வேற்றுமொழியார் ஆட்சிக்கு வந்தனர். 1644-இல் பெய்ஜிங்கைக் கைப்பற்றிய மஞ்சு இனத்தார், மறு ஆண்டே சீன ஆடவர் அனைவரும் தம்மைப்போல் முன்தலையை மழித்துப் பின்னலிட வேண்டும் என்று ஆணையிட்டனர். மறுத்தவர் தலை இழந்தனர். சீன நூல்களைக் கற்றுப் போற்றிய அம்மன்னர்கள், தம் இனத்தாரை மட்டும் தனிக் குடியிருப்புகளில் பிரித்தே வைத்தனர். 1912 வரை ஆட்சி நீடித்தது. ஆயினும் மஞ்சு மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று மிகச் சிலரே!

திருமலை மன்னர் குறையற்றவர் அல்லர். தம்மைப்போல் தெலுங்கு மரபினரான விசயநகரப் பேரரசரையே எதிர்த்துச் சுல்தான்களின் துணையை நாடினார். முடிவில் பீஜப்பூருக்குக் கப்பம் கட்ட நேர்ந்தது. தமிழரான சேதுபதியின் நாட்டின்மீதும் படை அனுப்பினார். ஆனால் முதுமையில், மைசூர்ப் படை மக்களின் மூக்கை அறுத்துக்கொண்டே மதுரையை நோக்கி வந்தபோது, அவரைக் காத்தவர் யார்? அதே சேது நாட்டின் இரகுநாத சேதுபதி! பகைவரைத் திண்டுக்கல் பக்கம் துரத்திய அவருக்குத் திருமலை சேதுபதி என்று தம் பெயரையே பட்டமாக அளித்தார் மன்னர். 1659-இல் அவர் மறைந்தார்.

எங்கள் அவ்வா பள்ளிக்கூடம் அறியாதவர். எனக்குக் கதை சொல்வது தெலுங்கில். மீனாட்சியிடம் வேண்டிக்கொள்வது தமிழில். இரண்டும் அவருக்கு ஒரு வீட்டின் இரண்டு அறைகள் போல. தோழி மீண்டும் கேட்டால் இனித் தயங்க மாட்டேன்: வீட்டில் தெலுங்கு பேசும் தமிழ்நாட்டுப் பெண் நான்.