இடைவெளியை ஆராய்ந்த மேதை: மைக்கேல் ஃபாரடே

விரல் பட்டதும் எரியும் விளக்கையும், அழுத்தாமலே இயங்கும் பொத்தான்களையும் இன்று காண்கிறோம். இவற்றின் வேரைத் தேடிச் சென்றால், இங்கிலாந்தில் பிறந்த ஓர் ஏழைக் கொல்லரின் மகனைச் சந்திப்போம். அவரே மைக்கேல் ஃபாரடே.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் பிறந்த அவர், எழுதவும் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் மட்டுமே பள்ளியில் கற்றார். பதினான்காம் வயதில் இலண்டனில் நூல் கட்டும் கடையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களே அவருக்கு ஆசிரியராயின. 1812-இல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார்.

1831-இல், மாறும் காந்தப் புலத்தால் மின்சாரம் பிறப்பதைக் கண்டறிந்து புகழடைந்தார். ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. மின்னேறிய இரு உலோகங்களுக்கு இடையேயுள்ள பொருளுக்கு வேலை ஏதும் இல்லை என்றே அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். ஃபாரடே அந்த இடைவெளியையே ஆராய்ந்தார். உலோகக் கோளத்தினுள் சிறு உலோகக் கோளம் அமைந்த ஒரே அளவான இரு கருவிகளைச் செய்தார். ஒன்றின் இடைவெளியில் காற்று; மற்றதில் அரக்கு. மின்னூட்டத்தைப் பகிர்ந்தபோது, அரக்கு வைத்த கருவியே மிகுதியாக ஏற்றது! இது 1837-இல் நிகழ்ந்தது. உயர்கணிதம் அறியாத அவருடைய கருத்தை ஏற்கப் பலர் தயங்கினர். பின்னர் மாக்ஸ்வெல் அதற்குக் கணித வடிவம் தந்தார்.

தொடு பொத்தானிலும் இதே தத்துவம்தான். கண்ணாடியின் அடியில் ஒரு செம்புத் தகடு உள்ளது. மேலே படும் நம் விரல் மற்றொரு தகடாகிறது, நடுவே கண்ணாடி. மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லு, செம்புத் தகட்டில் ஓயாது மின்னேற்றி, அது நிரம்பும் நேரத்தை அளக்கிறது. விரல் பட்டதும் மின்தேக்கும் திறன் கூடுவதால் அந்நேரம் சற்றே நீள்கிறது. உடனே சில்லு, தொடுகையை அறிந்துகொள்கிறது. விரலால் கூடுவது சில பிக்கோஃபாரட் மட்டுமே. ஒரு ஃபாரடை இலட்சம் கோடிப் பங்காக்கினால் வருவது ஒரு பிக்கோஃபாரட். அந்த அலகு தாங்கி நிற்பதும் அவர் பெயரையே.

ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி இருமுறை தேடி வந்தும் மறுத்த அப்பெருமகனார், 1867 ஆகஸ்டு 25-இல் மறைந்தார். பிறர் வெற்றிடமென்று விட்டதை அவர் உற்று நோக்கினார். வறுமையும் குறைந்த படிப்பும் அவரைத் தடுக்கவில்லை. நாமும் சிறியதென்று எதையும் தள்ளாமல், உற்று நோக்கக் கற்போமாக!