பிரஜாவுரிமைக்காக 40 ஆண்டு காத்திருந்த மலையகத் தமிழர்கள்... யார் இந்த சௌமியமூர்த்தி தொண்டமான்?

சுருளிப்பட்டி, கம்பம், கூடலூர் பக்கம் விடியுறதுக்கு முன்னாடியே ஜீப் ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போறவங்க நிறைய பேர். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவில் சேர்ந்தன. மேலே ஏறினால் வேறு மாநிலம், கீழே இறங்கினால் நம்ம ஊர். ஆனால் ரெண்டு பக்கமும் ஒரே நாடு. அதனால் அங்கேயே தங்கிவிட்ட தோட்டத் தொழிலாளியின் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதே தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து கடல் தாண்டி, இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை அப்படி இல்லை. அவர்களுடைய வாரிசுகள் 1948-ல் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தக் குடியுரிமையை மீட்பதே தன் அரசியல் வாழ்க்கை முழுவதும் வேலையாகிப் போனவர் சௌமியமூர்த்தி தொண்டமான். யார் அவர்?

கங்காணி மகன்

1913 ஆகஸ்ட் 30. புதுக்கோட்டைச் சீமையின் மூனாப்புதூரில் பிறந்தார் தொண்டமான். அப்பா கருப்பையா, பிழைப்புக்காக இலங்கை போய், கங்காணியாக உயர்ந்து, கடைசியில் ரம்பொடையில் வேவண்டன் என்ற தேயிலைத் தோட்டத்தையே வாங்கியவர். கூலியாகப் போன எல்லாருக்கும் இப்படி நடக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மற்றவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு அறைதான்.

11 வயதில் அப்பாவிடம் போய்ச் சேர்ந்த தொண்டமான், கம்பளையில் படித்தார். 1939-ல் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. அதன் வழியாகத் தொழிற்சங்கத்துக்குள் வந்தார். தோட்ட முதலாளியின் மகன், தோட்டத் தொழிலாளர்களின் தலைவர்! இந்த முரண்பாட்டை எதிராளிகள் கடைசிவரை குத்திக்காட்டினார்கள்.

7 எம்.பி.க்கள் ஜெயித்தார்கள்... அடுத்த ஆண்டே சட்டம் வந்தது

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். மலையகத் தமிழர்கள் அப்போது 7 லட்சத்துக்கும் மேல். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் இவர்கள் ஓட்டு உதவியது. டி.எஸ்.சேனநாயக்க அரசுக்கு இது உறுத்தியது.

1948 நவம்பரில் இலங்கை பிரஜாவுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாத்தாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கவும் வேண்டும். லயத்தில் பிறந்த தாத்தாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்?

1949-ல் இன்னொரு சட்டம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெற. அதே ஆண்டு தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்றானது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஒரு இடம்கூட இல்லை. 7-ல் இருந்து பூஜ்யம்.

விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும்?

1949 சட்டத்தைப் படித்தால் மேலோட்டமாக நியாயமாகத்தான் தெரியும். 1946 ஜனவரி 1-க்கு முன்பு, திருமணமானவர் என்றால் தொடர்ந்து 7 ஆண்டுகள், ஆகாதவர் என்றால் 10 ஆண்டுகள் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். பிறகும் விண்ணப்பிக்கும் நாள் வரை வசித்திருக்க வேண்டும். நிலையான வருமானம் காட்ட வேண்டும். சிக்கல், தொடர்ந்து என்ற அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. ஒரே பயணத்தில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அந்தக் கணக்கு அறுந்துவிடும்.

கணவர் மட்டுமல்ல, மனைவியும் தொடர்ந்து இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். கல்யாணம், பிரசவம், சாவு என்று எதற்கெடுத்தாலும் ஊருக்கு வந்து போகும் குடும்பங்கள் இவை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலம் அது. ஊருக்குப் போய் ஓராண்டைத் தாண்டித் தங்கிவிட்டால், பின்னால் அது தன் குடியுரிமையைக் கெடுக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கையில் இருந்த ஆதாரம் என்ன? தோட்டத்து செக்ரோலில் ஒரு பெயர். அந்தப் பேரேடு இருந்ததோ துரையின் ஆபீஸில். பெயரையும் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

முதலில் புறக்கணிப்பு, பிறகு அவசரம்

இங்கேதான் தொண்டமான் தரப்பு எடுத்த முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. அநியாயமான சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதே தவறு என்று, காங்கிரஸ் முதலில் புறக்கணிக்கச் சொன்னது. கொள்கையாகப் பார்த்தால் சரிதான். ஆனால் விண்ணப்பிக்க இருந்ததே 2 ஆண்டு அவகாசம். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். நிலைப்பாட்டை மாற்றி எல்லாரும் விண்ணப்பியுங்கள் என்று சொன்னபோது நாள் கரைந்திருந்தது. கடைசி மாதங்களில் படிவங்கள் குவிந்தன. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு, ஆதாரம் தேட அந்த ஒன்றரை ஆண்டு எவ்வளவு உதவியிருக்கும்!

குடும்பத்தினரையும் சேர்த்தால் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். பல ஆண்டுகள் விசாரணை நடந்து, குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டுமே. 1952-ல் கொழும்பில் 140 நாள் அளவுக்கு சத்தியாகிரகம் நடத்தியும் அரசு அசையவில்லை.

தலையெண்ணிப் பிரித்த ஒப்பந்தம்

இவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றது நேருவின் இந்தியா. இந்தியாவின் பொறுப்பு என்றது இலங்கை. 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். கணக்கில் எடுத்த 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன.

அப்போது நியமன எம்.பி.யாக இருந்தவர் தொண்டமான். ஆனால் அவரையோ தொழிலாளர்களையோ கலக்காமலே ஒப்பந்தம் முடிந்தது. அவர் எதிர்த்தார், பலனில்லை. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் தமிழ்நாடு வந்தவர்களில் பலர், பார்த்தே இராத ஊரில் இறங்கினார்கள்.

ஆட்சிக்குள் போனார், சாதித்தார்

1972-ல் செல்வநாயகம், ஜி.ஜி.பொன்னம்பலத்தோடு தமிழர் கூட்டணித் தலைவர்களில் ஒருவராக இருந்தார். தனிநாடு கோரிக்கை வந்ததும் விலகினார். மலையகம் தமிழர் நிலத்தின் நடுவில் இல்லை, சிங்களப் பகுதிகளின் நடுவில் இருக்கிறது. தனிநாடு வந்தால் தன் மக்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இதற்காகத் துரோகிப் பட்டமும் வாங்கினார்.

1977-ல் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் ஜெயித்தார். 30 ஆண்டு கழித்து மக்கள் ஓட்டில் நாடாளுமன்றம். 1978-ல் ஜே.ஆர்.ஜெயவர்த்தன அரசில் அமைச்சர். அமைச்சராக இருந்துகொண்டே அவர் செய்ததுதான் சுவாரசியம். 1986 தைப்பொங்கல் நாளில் பிரார்த்தனை இயக்கம் தொடங்கினார். காலையில் தொழிலாளர்கள் சாமி கும்பிடுவார்கள், அதன்பிறகே வேலை. சட்டப்படி பார்த்தால் வழிபாடு. நடைமுறையில் வேலைநிறுத்தம்! தேயிலைதான் நாட்டின் அந்நியச் செலாவணி. சில நாட்களிலேயே அரசு பேச்சுக்கு இறங்கி வந்தது.

அதே ஆண்டு, இந்திய ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்காமல் விடுபட்ட 94,000 பேரை ஏற்க இலங்கை சட்டம் இயற்றியது. 1988 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. விசாரணை, ஆதாரக் கட்டு எதுவும் வேண்டாம், சத்தியக்கடதாசி போதும் என்றானது. 40 ஆண்டுக்கு முன்பு தாத்தாவின் பிறப்பைக் கேட்ட அதே நாடு.

இன்று என்ன நிலை?

1999 அக்டோபர் 30-ல் தொண்டமான் காலமானார். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக 35 ஆண்டு. 2003-ல் வந்த சட்டமும் இதே தேதியைத்தான் அளவுகோலாக வைத்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வசிப்பவர்களும் அவர்கள் வாரிசுகளும் குடிமக்கள். அந்த டிசம்பரில் நடந்த பதிவு முகாம்களில், சுமார் 10 நாளில் 1,90,000 பேர் பதிவு செய்தார்கள்.

ஆனால் கலவரத்துக்குப் பயந்து 1983-க்குப் பிறகு தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்த மலையகத் தமிழர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. அவர்களில் 65 பேர் இந்தியக் குடியுரிமை கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஜூன் 17-ல் தீர்ப்பு வந்தது. அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் புதிதாக விண்ணப்பிக்கலாம், அதை ஆட்சியர் தாமதிக்காமல் மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.