டாக்டர் மெக்கென்சி போட்ட வழி



விம்கோ நகரில் தீப்பெட்டித் தொழிற்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்தவனுக்கு கோல்ஃப் எதற்கு என்று கேட்பீர்கள். நம்ம பக்கம் அது பணக்காரங்க விளையாட்டு, அவ்வளவுதான். ஆனால் கோல்ஃப் மைதானங்களை அமைத்த ஒருவருடைய வாழ்க்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அலிஸ்டர் மெக்கென்சி 1870-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து டாக்டரானார். போயர் போரில் ராணுவ மருத்துவராகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே எதிரிகள் பதுங்குகுழிகளைத் தரையோடு தரையாக மறைத்திருந்த விதத்தைக் கவனித்தார். தாம் அமைக்கும் மேடும் மணற்பள்ளமும் இயற்கையாகவே தெரிய வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்ததுதான்.

1914-இல் 'கன்ட்ரி லைஃப்' பத்திரிகை கோல்ஃப் ஹோல் வரையும் போட்டி ஒன்று வைத்தது. முதல் பரிசு டாக்டருக்கு! குழி இருக்கும் புல்தளத்தை கிரீன் என்பார்கள். அவர் வரைபடத்தில் அதற்குப் போகப் பல வழிகள். பலசாலிக்கு ஆபத்தான குறுக்கு வழி. பலம் குறைந்தவருக்குச் சுற்று வழி. பிறகு மருத்துவத்தை விட்டு இதே தொழிலானார்.

பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவில் அவர் அமைத்த அகஸ்டா மைதானத்தின் 13-ஆவது ஹோலைப் பாருங்கள். ஐந்து அடியில் முடிக்க வேண்டியது. பாதை இடப்பக்கம் வளையும். இடது ஓரமாக வரும் ஓடை கிரீனுக்கு முன்னால் குறுக்கே ஓடும். துணிந்து ஓடைப் பக்கம் அடித்தவருக்குத் தூரம் குறைவு, தரையும் ஓரளவு சமம். இரண்டாவது அடியிலேயே கிரீனை எட்டலாம். வலப்பக்கம் ஒதுங்கியவருக்குத் தூரமும் அதிகம், சரிவும் அதிகம். அவர் ஓடைக்கு இப்பால் பந்தை நிறுத்தி, மூன்றாவதில் ஏறலாம். ஓர் அடி கூடும்; ஆனால் ஆட்டம் போய்விடாது.

பொருளாதாரம் படுத்திருந்த காலம். பேசிய ஊதியம் முழுதாக வரவில்லை. புல் வளர்ந்து முடிந்த அகஸ்டாவை அவர் பார்க்கவும் இல்லை. 1934 ஜனவரியில் கலிபோர்னியாவில் காலமானார். அந்த மார்ச்சில்தான் அங்கே முதல் போட்டி நடந்தது. அதுவே இன்றைய மாஸ்டர்ஸ்.

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிக்கும் பிள்ளைகள் நம்ம பக்கம் அதிகம். ஒரே அடியில் ஓடையைத் தாண்ட எல்லாராலும் முடியாது. நம் சங்கம் உதவித்தொகையோ வழிகாட்டலோ திட்டமிடும்போது சுற்று வழிக்காரரையும் நினைக்க வேண்டும்.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நந்தனத்தில் இறங்கலாம். அங்கே ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் கிரீனில் நின்று பின்னோக்கிப் பாருங்கள். முதல் அடியை எந்தப் பக்கம் விட்டால் வழி திறக்கும் என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.