டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் வாதாடிய பெருமாட்டியாகவே அம்மையாரைப் பலரும் அறிவர். யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது அவர்தம் வாழ்வின் பிறிதொரு பகுதியாம்.

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த அம்மையார், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றனர். அவர்தம் இளைய தங்கையாரை மலக்குடற் புற்று பற்றியது. முதலில் அதனைச் சீதபேதி என்றே கருதி மருந்தளித்தனர். உண்மை புலப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவராயிருந்தும் தங்கை பிழைத்திலர்.

இத்தகைய மயக்கம் இன்றும் ஒழிந்ததன்று. எம் எழுமலைப் பக்கத்தே ஆசனவாயிற் குருதி கண்டால் மூலமென்று துணிவோர் பலர். நாணத்தால் மறைப்போரும் உளர். மூலமாகவே இருத்தலும் கூடும். ஆயினும் ஆசனவாய்ப் புற்றும் அவ்வாறே தோன்றுமாதலின், மருத்துவர் விரலாற் சோதித்துச் சிறு தசைத்துணுக்கை ஆராய்ந்தாலன்றி ஐயம் நீங்காது. பெரும்பாலும் பாப்பிலோமா வைரஸால் விளையும் இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. தொடக்கத்திற் கண்டால், கதிர்வீச்சும் மருந்துமே பலரை அறுவையின்றிக் குணமாக்கும்.

புற்றுநோய்க்குப் பணம் செலவிடுதல் வீண் என்றெண்ணிய காலத்தில் அம்மையார் நிதி திரட்டினர். 1952-இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பெற்றது. அப்போது அம்மையார்க்கு வயது 67.

அம்மையார் 1968-இல் மறைந்தனர். மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அப்பணியைத் தம் வாழ்நாள் முழுதும் நடத்தினர்.